சுங்கை சிப்புட் (மலேசியா) குடும்பக் குழு: ரங்கராஜ் டாக்டர்

அத்தை: அண்ணே, பசியாறியாச்சா? நேற்று போனில் ஒரு ராணுவ டாக்டரைப் பற்றிச் சொன்னீங்களே, ரயிலில் சாமான் ஏற்றிப் போனவர். பெயர் என்ன? பேரன் பள்ளியில் பேசப் போகிறானாம்.

பெரியப்பா: ஆச்சும்மா. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ். ‘ஏ’ என்றால் ஆற்காடு. கொரியப் போரில் இந்தியாவின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைவர். இந்தியா அந்தப் போருக்குச் சண்டை போடும் படையை அனுப்பவில்லை, மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது. பையன் அதை முதலில் சொல்லட்டும்.

அண்ணன்: டாக்டருக்கு எதுக்கு பெரியப்பா பாராசூட்?

பெரியப்பா: குதிக்கிற படையோடு டாக்டரும் குதித்தால்தானே அடிபட்டவனை உடனே பார்க்க முடியும்? 1941 அக்டோபரில் கராச்சியில் முதன்முதலாகக் குதித்த இந்திய ராணுவத்தினர் இரண்டு பேர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங், இன்னொருவர் இவர்.

நான்: ரயில் கதைக்கு வாங்க.

பெரியப்பா: வரேன். 1950 நவம்பரில் தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். வடகொரியத் தலைநகர் பியோங்யாங்குக்குப் போன கொஞ்ச நாளிலேயே, வடகொரியாவுக்கு உதவியாகச் சீனப் படை திமுதிமுவென்று வந்துவிட்டது. எல்லாரும் தெற்கே பின்வாங்க வேண்டியதாயிற்று. இவர்களிடம் போதிய வண்டி இல்லை. கருவிகளைப் போட்டுவிட்டுக் கிளம்பு என்ற நிலைமை.

பெரியப்பா: ரங்கராஜ் முடியாது என்றுவிட்டார். பழைய நீராவி இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள் பிரிவுக்குள்ளேயே இருந்தார்கள். மருந்து, கருவி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள். அப்புறம் அந்தப் பாலத்தையே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தப் பக்கமே மாட்டியிருப்பார்கள்.

அண்ணி: உயிர் போகிற நேரத்தில் சாமானா முக்கியம் மாமா? அவரை நம்பி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

பெரியப்பா: நியாயமான கேள்விம்மா. எங்க அப்பா ரப்பர் தோட்டத்து டிரஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர் இல்லையா, அதை வைத்தே சொல்கிறேன். பால்வெட்டுக் கத்தி காலில் இறங்கி ரத்தம் வடிய ஆளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா ஒரு கையால் காயத்தை அழுத்திக்கொண்டே, மண்ணெண்ணெய் அடுப்பில் ஊசியும் இடுக்கியும் கொதித்துவிட்டதா என்று பார்ப்பார். அது இல்லாமல் வெறும் கையை வைத்துக்கொண்டு என்ன தையல் போடுவது?

அத்தை: ஆமாம்ணே. அந்த எனாமல் தட்டில் நாம் கை வைத்தால் அடிதான் விழும்.

அண்ணி: சரி மாமா, இப்போது புரிகிறது. தெற்கே போனாலும் அங்கேயும் காயம்பட்டவர்கள்தானே காத்திருப்பார்கள்.

பெரியப்பா: அதேதான். 1951 மார்ச் 23 அன்று முன்சான் பக்கம் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது இவரும் ஆட்களோடு குதித்தார். இந்தியர்கள் மொத்தம் 12 பேர்தான். எதிரி இருக்கும் இடத்திலேயே இறங்கி அறுவை சிகிச்சை செய்தார்கள். இந்தியா மகா வீர் சக்ரா கொடுத்தது, போர்க்கள விருதுகளில் இரண்டாவது பெரியது. அவர் பிரிவைச் சேர்ந்த மேஜர் பானர்ஜிக்கும் அதே விருது. பையன் அவர் பெயரையும் சொல்ல வேண்டும், ஒருத்தர் மட்டும் செய்த வேலை இல்லை.

அண்ணன்: கொரியாக்காரர்களுக்கு இவரைத் தெரியுமா?

பெரியப்பா: 2020 ஜூலையில் தென்கொரிய அரசு அந்த மாதத்தின் போர் வீரர் என்று இவரை அறிவித்தது. பூசானில் தேஜோங்டே என்ற இடத்தில், மருத்துவ உதவி அனுப்பிய நாடுகளுக்கு நினைவுச்சின்னமும் இருக்கிறது. கொரிய நாடகம் பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாமா? எனக்கு அந்த ஆதங்கம் உண்டு.

நான்: போருக்கு அப்புறம் என்ன செய்தார்?

பெரியப்பா: அதுதான் எனக்கு இன்னும் பெரிசாகத் தெரிகிறது. பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பு வேலை பார்த்தார். அங்கே குண்டும் இல்லை, பதக்கமும் இல்லை. ஊர் ஊராகத் தடுப்பூசி.

அத்தை: அண்ணே, இதை அப்படியே குரல் பதிவாக அனுப்புங்க. பேரன் எழுத்துக்கூட்டிப் படிப்பதைவிட நீங்கள் சொல்லிக் கேட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்வான். பேச ஐந்து நிமிடம்தான் கொடுப்பார்களாம்.

பெரியப்பா: ஐந்து நிமிடமா? அப்போது கராச்சியை விட்டுவிடலாம். ரயிலும் பெரியம்மையும் கண்டிப்பாக வேண்டும். மத்தியானம் பதிவு செய்து போடுகிறேன்.