அரிட்டாபட்டி: வல்லூறு பார்க்கச் செல்வோருக்குப் பழைய குவாரிகளையும் காட்டலாமா?

வைகைக்கரை:
வணக்கம். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு வல்லூறுகளைக் காட்டுவதற்காக ஞாயிற்றுக்கிழமை மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்குச் செல்ல எண்ணியுள்ளேன். மேலூர்ப் பக்கம் என்றாலே என் நினைவுக்கு வருவது கிரானைட் கற்களை ஏற்றிச் சென்ற லாரிகள்தான். அங்கு உண்மையிலேயே பறவைகள் நிற்கின்றனவா? பழைய குவாரிகளையும் அவளுக்குக் காட்டலாமா?

கண்மாய்மேடு:
ஐயா, தாராளமாக வாருங்கள். நான் பக்கத்து ஊர்க்காரன். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேர் நிலத்தை, மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், சுமார் 250 பறவையினங்கள் என்பது அரசு தந்த கணக்கு. இந்தக் குன்றுகளில் விழும் மழைதான் வழிந்து இறங்கிக் கண்மாய்களை நிரப்புகிறது என்பதால், மலையை வெட்டினால் வயலும் போகும் என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது மக்கள் திரண்டதற்கும், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதைக் கைவிட்டதற்கும் பின்னால் அந்தப் பயம்தான் இருந்தது.

குவாரிகளைப் பொறுத்தவரை, சாலையில் நின்று காட்டினால் போதும். மழை வழிந்து கறுத்த கோடுகளும் பொந்துகளும் உள்ள பாறை இயற்கையானது. வெளிறிய முகத்தில், பாதியாகப் பிளந்த குழாய்களை வரிசையாக ஒட்டியதுபோல் துளைத்தடங்கள் (கல்லைப் பிளக்கத் துளையிட்ட அடையாளங்கள்) இறங்கினால் அது வெட்டப்பட்டது. நீர் நிறைந்த குழிகளுக்கு அருகில் மட்டும் போகாதீர்கள். செங்குத்தாக இறங்கும் அவற்றில் கால் வைக்கப் படி இருக்காது.

பனங்காடை:
கண்மாய்மேடு அண்ணன் சொன்ன பாறை முகத்தைத்தான் பறவை பார்ப்பவர்களும் முதலில் பார்ப்போம். லகுடு வல்லூறும், ஷாகீன் வல்லூறும், ராஜாளிக் கழுகும் கூடு வைக்க மேடையும் பொந்தும் உள்ள உயரமான பாறையைத் தேடும். அறுத்த பாறைச் சுவரில் அந்த இடுக்குகள் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. பாறையில் சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது எச்சம். பைனாகுலரை அதன் உச்சிக்குக் கொண்டுபோங்கள். விடியற்காலையில் சென்றுவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை கூடு கட்டும் காலம் என்பதால், படம் எடுப்பதற்காகக் கூடுள்ள பாறையை நெருங்காதீர்கள். போன ஆண்டு ஒரு குழுவினர் டிரோனைப் பறக்கவிட, கூட்டிலிருந்த பறவை நெடுநேரம் திரும்பவில்லை. எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கண்மாய்மேடு:
குடைவரைச் சிவன் கோயிலையும், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள சமணர் குகையையும் விட்டுவிடாதீர்கள். குகைக்கு ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது நல்லது.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. காலை ஆறு மணிக்குள் கண்மாய்க் கரைக்கு வந்துவிடுகிறோம். துளைத்தடங்களைத் திரும்பும்போது சாலையிலிருந்தே காட்டிவிடுகிறேன்.