புதுப்பிப்பு: வண்ணக் கண்ணாடி வாழ்த்து அட்டை ஒருவழியாக வந்துவிட்டது

தேவாலய வண்ணக் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஒரு கிறிஸ்துமஸ் அட்டைக்காக ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) ஸ்கெட்ச் பேனாவால் தீட்டி, மை முத்து முத்தாகத் திரண்டு, கை பட்டதும் அழிந்துபோன கதையைப் போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? இப்போது 12 அட்டைகள் தயார்.

தவறு மையில்தான். ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது தண்ணீர் மை, வழுவழு பிளாஸ்டிக்கில் பிடிக்காது. பெர்மனன்ட் மார்க்கருக்கு மாறியதும் சரியாகிவிட்டது.

அடுத்து கறுப்புக் கோடு. தேவாலய ஜன்னல்களில் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயப் பட்டை. அந்தப் புடைப்பு இல்லாவிட்டால் அட்டை வெறும் படமாகத்தான் தெரிகிறது. ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் கலந்து, காலி மெகந்தி கோனில் நிரப்பிக் கோடு இழுத்தேன். (முதல் கோன் பின்பக்கம் பிதுங்கி மேஜை முழுக்கக் கறுப்பு. நிரப்பிய பக்கத்து வாயை இறுக்கமாக மடித்து ஒட்டுங்கள்.) ஓர் இரவு காயவிட்டு, ஷீட்டைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் தீட்டினேன். அப்போதுதான் மார்க்கர் முனை கோட்டில் உரசாது.

அப்புறம் கறுப்பு சார்ட்டில் ஜன்னல் வெட்டி, ஷீட்டை உள்பக்கம் ஒட்டினேன். வாழ்த்தை எதிர்ப்பக்கத்தில் எழுதினேன். ஜன்னலோரம் திறந்து நிறுத்தினால் ஜொலிக்கிறது, மூடினால் மங்கிவிடுகிறது. அதற்காகச் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, நீவி, மூன்று அட்டைகளுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் ஊடுருவாது, ஆனால் பழைய கண்ணாடி போலவே மினுங்குகிறது. அம்மாவுக்கு அதுதான் பிடித்தது, எனக்கு ஜன்னலோர அட்டைதான்.