தீவுத்திடல் மன்றோ சிலை: இருக்கலாமா, கூடாதா?

பாராமகால்வாசி:
ஆங்கிலேயர் காலத்துச் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோவின் சிலையைத் தீவுத்திடலிலிருந்து அகற்ற வேண்டும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. 1780இல் 18 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) சென்னைக்கு வந்தவர் மன்றோ. ஹைதர் அலியோடு நடந்த போரிலேயே அனுபவம் பெற்றார். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது எங்கள் சேலம், தருமபுரிச் சீமை, பறிபோனதும் அங்கே கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடின் கீழ் வேலைக்கு வந்தார். எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஏழு வருஷம் ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து, தரம் பிரித்து, உழுகிறவரோடு நேராகத் தீர்வை (நிலவரி) பேசினார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல் குடியானவரிடமே வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு வித்து அங்கேதான் விழுந்தது. அன்றைக்குக் கம்பெனி மேலிடம் வங்காளத்தைப் பார்த்து இங்கேயும் ஜமீன்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து விடாமல் வாதாடியவர் இவர். இன்று நம் கையில் இருக்கும் பட்டாவின் பின்னால் அந்த வாதம் இருக்கிறது.

ஏர்முனை:
அண்ணா, 'உழுகிறவர்' என்ற சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. பட்டா வாங்கியவர் பெரும்பாலும் நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடியவர். சேற்றில் இறங்கிய பண்ணையாளுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. எங்கள் குடும்பம் பண்ணையாள் பக்கத்தில் இருந்தது, அதனால் சொல்கிறேன்.

அடுத்து, தீர்வை எவ்வளவு? 1800இல் நிஜாம் கொடுத்த பல்லாரி, கடப்பை, அனந்தப்பூர் சீமைக்கு இவர்தான் முதன்மைக் கலெக்டர். அங்கே விளைச்சலில் ஏறக்குறைய 45 சதவீதம் சர்க்காருக்கு! சுமார் 80 பாளையக்காரர்களைப் படையை வைத்து அடக்கியவரும் இவரே. முதலில் துப்பாக்கி, அப்புறம் அளவுச் சங்கிலி. 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை வந்ததே, வரி வசூலுக்காகக் கிட்டி (விரல்களை நசுக்கும் கருவி) போட்டதும் அண்ணாந்தாள் (உடலை வளைத்துக் கட்டிவைப்பது) பிடித்ததும் அதில் பதிவாகியிருக்கின்றன. அதெல்லாம் ரயத்துவாரி நடந்த ஊர்களில்தான்.

பாராமகால்வாசி:
1855 என்றால் மன்றோ இறந்து 28 வருஷம் ஆகிவிட்டது, தம்பி. 45 சதவீதம் அதிகம், மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள் என்று 1807இல் எழுதியவரே அவர்தான். மேலிடம் கேட்கவில்லை. 1820இல் கவர்னராக வந்தபின் தீர்வையில் கால்பங்கு குறைப்பைக் கொண்டுவந்தார். மாகாணம் முழுக்கப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னதும் அவரே: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் நம் திண்ணைப் பள்ளிகளைப் பற்றி நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

கொல்லம் கரை:
நடுவில் ஒரு திருத்தம். கொல்லத்தில் இருக்கும் மன்றோ துருத்து (தீவு) இவர் பெயரில் இல்லை. அது திருவிதாங்கூரில் கம்பெனியின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த ஜான் மன்றோவின் பெயர். இருவரையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். மந்த்ராலயத்தில் ராகவேந்திரர் காட்சி கொடுத்ததாகச் சொல்லும் கதைதான் தாமஸ் மன்றோவுடையது.

ஏர்முனை:
சரி, குறைத்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருக்காக? குடியானவன் ஓடிப்போனால் வரி நின்றுவிடும். நல்ல தளபதி தன் குதிரைக்குத் தீனி போடுவதைப் போன்றதுதான் அது. 1822இல் பத்திரிகைச் சுதந்திரம் பற்றி அவர் எழுதிய குறிப்பைப் படியுங்கள்: அந்நியர் ஆட்சியும் சுதந்திரமான பத்திரிகையும் ஒன்றாக இருக்க முடியாது என்கிறார். தான் கட்டுவது என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

பாராமகால்வாசி:
அந்தக் குறிப்பை நான் மறைக்கவில்லை, எனக்கும் அது கசக்கிறது. ஆனால் 1824 டிசம்பர் 31 தேதியிட்ட குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தியரைப் பெரிய பதவிகளிலிருந்து விலக்கிவைப்பது அவர்கள் குணத்தையே கெடுக்கும், ஒருநாள் இவர்களே தங்களை ஆள வேண்டும் என்கிறார். அன்றைக்கு எத்தனை கவர்னர்கள் அப்படி எழுதினார்கள்? சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில், 1827 ஜூலையில் இன்றைய ஆந்திராவின் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார். அப்போதும் சுற்றுப்பயணத்தில்தான் இருந்தார்.

ஏர்முனை:
'ஒருநாள்' என்றவர் எந்த நாள் என்று சொல்லவில்லை, அண்ணா. அந்த நாள் வர அவர் இறந்தபின் 120 வருஷம் ஆயிற்று.