கிர் ஊசி போட்ட மாடு, 284 நாள் ஆகியும் கன்னு போடல

தாராபுரத்துக்காரன்:
வணக்கமுங்க. நம்மகிட்ட ஒரு ஜெர்சி கிராஸ் மாடு, இது மூணாவது ஈத்து. முன்னாடி ரெண்டு தடவையும் ஜெர்சி காளையோட சினை ஊசிதான், 277, 280 நாள்ல கன்னு போட்ருச்சு. இந்த தடவை நாட்டு ரத்தம் கொஞ்சம் சேரட்டும்னு கிர்ங்கிற நாட்டு இனக் காளையோட சினை ஊசி போட்டோம், இன்னிக்கு 284 நாள். மடி பெருத்து நாலு நாளாச்சு, கன்னு போட நெருங்குனா வாலடியில விழுற குழி இன்னும் சரியா விழல, தீனி நல்லா எடுக்குது, அசை போடுது. பக்கத்து தோட்டத்துக்காரரு கன்னு உள்ளயே பெருத்துரும், ஊசி போட்டு இறக்கிருன்னு பயமுறுத்துறாரு.

எனக்கு பயம் ஏன்னா போன வருசம் ஒரு கிடாரிக்கு எச்எஃப் (ஹோல்ஸ்டீன் பிரீசியன் சீமை இனம்) ஊசி போட்டு, நாலு பேரு கயிறு கட்டி இழுத்துதான் கன்னு வந்துச்சு. நாக்கு வீங்கி வெளிய தொங்குது, மூணு மணி நேரம் எந்திரிக்கவே இல்ல, சீம்பால புட்டில ஊத்துனாலும் சப்ப தெம்பில்ல, ரெண்டாம் நாள் போயிருச்சு. ஊசி மாத்துனா நாளும் மாறுமா, கன்னோட தெம்பும் மாறுமா?

மாட்டுக்கொட்டாய்:
பயப்படாதீங்க ஜி. எங்க மாட்டுக்கு கிர் போட்டு 288வது நாள்தான் போட்டுச்சு, கன்னு அரை மணி நேரத்துல நின்னுருச்சு. நான் கடைசி ரெண்டு மாசம் தீவனத்தை பாதியா குறைச்சிருவேன், கன்னு சின்னதா ஈசியா வந்துரும்.

ஊசிப்பை:
நான் 14 வருசமா சினை ஊசி போட்டுட்டு இருக்கேன். மேல சொன்ன அண்ணே, தீனி குறைக்கிற வேலை மட்டும் வேண்டாம். பிரசவம் அதுல ஈசியாகாது, தாய் இளைச்சு போய் முக்க தெம்பில்லாம நிக்கும், கன்னும் சோப்ளாங்கியா பிறக்கும், சீம்பாலும் மட்டமா போயிரும்.

தாராபுரத்து அண்ணே, பிறக்கிற நேரத்தை முடிவு பண்றது தாய் இல்ல, உள்ள இருக்கிற கன்னுதான். அது முழுசா தயாரானதும் அதோட அட்ரினல் சுரப்பில இருந்து கார்டிசால்ங்கிற ஹார்மோன் ஏறும், அதுலதான் தாய்க்கு வலி ஆரம்பிக்கும். கன்னுல பாதி ரத்தம் காளையோடதா இருக்கிறதால காளையை மாத்துனா நாளும் மாறும். எச்எஃப், ஜெர்சி ரெண்டும் 279ஐ ஒட்டி, பிரவுன் சுவிஸ் 290 கிட்ட, கிர், சாஹிவால் மாதிரி திமில் மாடுங்க 285க்கு மேல. காளைக் கன்னுன்னா ஒண்ணு ரெண்டு நாள் கூட, இரட்டைன்னா அஞ்சாறு நாள் கம்மி. ஒரே இனத்துலயே காளைக்கு காளை வித்தியாசம் உண்டு. நியூசிலாந்துல சீக்கிரம் ஈனவைக்கிற காளைன்னே தனியா ஸ்ட்ரா (விந்து அடைச்ச குழல்) விக்கிறாங்க, பத்து நாள் வரை முந்திரும், அங்க எல்லா மாடும் ஒரே சீசன்ல ஈனணும், லேட்டா சினை பிடிச்ச மாட்டுக்கு அதை போட்டா கறக்குற நாள் கூடும்.

அதனால 284 ஒண்ணும் லேட்டே இல்ல. இப்ப ஸ்டீராய்டு ஊசி போட்டு இறக்குனா நஞ்சுக்கொடி விழாம நின்னுக்கும், அந்த தலைவலி வேற. சினை ஊசி தேதி எழுதுன அட்டையை மட்டும் ஒரு தடவை பாருங்க, முதல் ஊசில சினை நிக்காம 21 நாள் கழிச்சு ரெண்டாவது ஊசி போட்டீங்களா? முதல் தேதில இருந்து எண்ணிட்டு பதறுறவங்க நிறைய பேரு.

தெம்பு விசயம்: உங்க எச்எஃப் கன்னு நாள் கூடுனதால போகல. பெரிய கன்னு, குறுகுன இடுப்பு, வழில ரொம்ப நேரம் மாட்டி மூச்சு கிடைக்காம போனதுதான், நாக்கு வீங்குனதே அடையாளம். கிர் கிராஸ் கன்னு பொதுவா சுறுசுறுப்பு, ஆனா சீமை மாட்டு வயித்துல திமில் காளை கன்னு கொஞ்சம் வெயிட்டாவே வளரும், காளைக் கன்னுன்னா இன்னும் கூட. ரெண்டு தடவை ஈன்ன மாடு தாங்கும், தலைச்சன் கிடாரிக்கு நான் கிர் போட மாட்டேன், ஜெர்சி போதும். ஸ்ட்ரா மேல காளை நம்பர் அச்சடிச்சிருக்கும், போட்டு முடிச்சதும் வாங்கி அட்டைல ஒட்டி வைங்க.

செவலைக்காரி:
ஊசிப்பை அண்ணன் சொல்றதோட இதையும் சேத்துக்கங்க. பன்னீர்குடம் உடைஞ்சு ரெண்டு மணி நேரம் ஆகியும் கன்னு வரலன்னா உடனே டாக்டர். கன்னு விழுந்ததும் நெஞ்சை தரைல வச்சு ரெண்டு பக்கமும் கால் மடக்கி உக்கார வைங்க, மூக்குல வைக்கோல் விட்டு கிளறுனா தும்மி மூச்சு இழுக்கும். தலைகீழா தொங்க விடாதீங்க, வயிறு நுரையீரலை அமுக்கும். 25 கிலோ கன்னுக்கு ரெண்டரை லிட்டர் சீம்பால், முதல் குடி ரெண்டு மணி நேரத்துக்குள்ள.

தாராபுரத்துக்காரன்:
அட்டையை பாத்தேன், ஒரே ஊசிதான், தேதி சரிதான். 287வது நாள் விடியக்காலை நாலு மணிக்கு போட்ருச்சுங்க, யாரும் கை வைக்கல. நான் லைட்ட போட்டுட்டு போறதுக்குள்ள ரெண்டு காலும் மூக்கும் வெளிய தெரியுது, அடுத்த முக்குல சரக்குன்னு விழுந்துச்சு. 40 நிமிசத்துல நின்னு, முன்னங்கால் சந்துல மடியை தேடிட்டு கிடந்துச்சு. காளைக் கன்னு, காது தொங்குது, நல்ல வெயிட்டு. கிடாரியா இல்லையேன்னு அம்மாவுக்குத்தான் முகம் சுண்டிப்போச்சு. ஸ்ட்ராவை அன்னிக்கே சாணில வீசிட்டாங்க, நம்பர் தெரியாது. அடுத்த மாசம் கிடாரிக்கு ஜெர்சி, ஸ்ட்ராவை கையோட வாங்கிக்கிறேன்.