திரை மீடிறன்: 165 என்ற எண்ணுக்கு ஒரு தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுக்கு ஏற்ற திரைகளைப் பற்றி நம் குழுமம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலைப் போன வாரம் பார்த்தேன். அதில் ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன். மொனிட்டர் பெட்டியில் 100, 144, 165 என்று பெரிதாகப் போட்டுப் பக்கத்தில் ஹேர்ட்ஸ் என்று எழுதியிருப்பார்களே, அந்த எண் அளக்கும் விஷயத்துக்கான சொல், அதாவது திரை ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை படத்தை வரைகிறது என்பதற்கான சொல். கடையில் 'ரிஃப்ரெஷ் ரேட்' என்கிறார்கள். பட்டியலில் 'புதுப்பிப்பு வீதம்' என்று இருக்கிறது. அந்த இடத்தில் 'திரை மீடிறன்' என்று வைக்கும்படி கேட்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் தங்கை நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவள் மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, பழைய கணினி ஒன்றை வாங்கித் திருத்தி வைத்திருந்தான். அதற்கு ஒரு மொனிட்டர் வேண்டும் என்றான். விளையாடவும் வேண்டும், வீடியோ வெட்டி ஒட்டும் வேலை பழகவும் வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாவுக்குள் முடிக்கச் சொன்னாள் தங்கை. அப்போது அவளுடைய அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. ஐம்பதாயிரம் என்றால் 37 முழுப் பேர், அதாவது 37 முழுநாள் வேலை. அரைப் பேர் விழுந்த நாட்களையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

ஹட்டனில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, விலைச்சீட்டுகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தோம். அன்று இரவு அவள் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணே, இதுல 100ன்னு போட்டிருக்கு, அதுல 165ன்னு போட்டிருக்கு. நடுவுல பதினெட்டாயிரம் வித்தியாசம். அந்த 65 எதுக்கு?"

"அது புதுப்பிப்பு வீதம்மா" என்றேன்.

"புதுப்பிக்கிறதுன்னா? வருசா வருசம் காசு கட்டணுமா?"

அவள் கேட்டதில் தவறே இல்லை. எங்கள் பக்கம் புதுப்பிப்பது என்றால் லைசன், காப்புறுதி, வங்கி அட்டை. கொஞ்சம் கணினி தெரிந்தவருக்குப் புதுப்பிப்பு என்றால் மென்பொருளின் புதிய பதிப்பை இறக்குவது. எப்படிப் பார்த்தாலும், பழையது காலாவதியாகிப் புதியது வருகிறது என்ற எண்ணத்தைத்தான் அந்தச் சொல் தருகிறது. ஒரே படத்தைத் திரை ஒரு செக்கனுக்குள் திரும்பத் திரும்ப வரைகிறது என்பது அதில் இல்லவே இல்லை. நான் சொல்லத் தடுமாறியபோது மருமகன் குறுக்கே வந்தான்.

"அது மீடிறன்தானே மாமா. செக்கனுக்கு எத்தனை தடவை வருதுங்கிறது."

ஆகவே இந்தச் சொல்லுக்கு உரியவன் அவன்தான்.

இலங்கைப் பாடசாலைகளில் படித்தவர்களுக்கு மீடிறன் பழகிய சொல். பௌதிகவியலில் அலைக்கும், கணிதத்தில் புள்ளிவிபரத்துக்கும் அதையேதான் படிக்கிறோம். ஒரு வகுப்பில் 60 புள்ளி எடுத்தவர்கள் ஏழு பேர் என்றால், அந்தப் புள்ளியின் மீடிறன் ஏழு. அலையில் எதுவோ வருகிறது, பட்டியலில் வேறு எதுவோ வருகிறது. இரண்டிலும் பொதுவானது 'எத்தனை தடவை' என்பதுதான். மீள் என்பதோடு திறன் சேர்ந்து மீடிறன் ஆகிறது, நாள்தோறும் என்பது நாடோறும் ஆவதைப் போல. மீண்டும் வரும் திறன். திரை செய்வது அப்படியே இதுதான். குழுமத்தில் எழுந்த கேள்விகளுக்கும் இடையிடையே பதில் சொல்லிவிடுகிறேன்.

> தமிழ்நாட்டில் அதிர்வெண் என்று ஒரு சொல் வேரூன்றிவிட்டது. அதையே வைத்தால் என்ன?

அதிர்வெண் நல்ல சொல், வீணைத் தந்திக்கும் இசைக்கவைக்கும் அருமையாகப் பொருந்தும். திரையில் எதுவும் அதிர்வதில்லையே. 'திரை அதிர்வெண்' என்று விலைச்சீட்டில் பார்த்தால், மேசை நடுங்குமா என்று கேட்பார்கள்.

> மீள்திறன் என்றால் எங்களுக்கு இழுத்துவிட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் தன்மை. குழம்பாதா?

இது உண்மையான சிக்கல், ஒத்துக்கொள்கிறேன். புணர்ந்த வடிவமான மீடிறன் என்பதை மட்டுமே எழுதுவது, பிரித்து எழுதாமலிருப்பது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். முதல் தடவை வரும் இடத்தில் 'செக்கனுக்கு இத்தனை முறை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எந்த ஊர் வாசகருக்கும் விளங்கும்.

முன்னால் 'திரை' ஏன் வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மொனிட்டரை வாங்கிக்கொண்டு வந்த அன்று பக்கத்து லயக் காம்பராவிலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டு அறை) ஒரு பெரியவர் வந்து பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒட்டியிருந்த தகட்டில் 100-240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தது. முன்னால் 165 ஹேர்ட்ஸ் என்று ஸ்டிக்கர். "பின்னால 50, முன்னால 165. நம்ம கரண்டுக்கு இது தாங்குமா தம்பி?" என்று அக்கறையோடு கேட்டார். அவர் கேட்டது மின்சாரத்தின் மீடிறனை. 1950இலிருந்து ஓடும் பழைய லக்சபான நீர்மின் நிலையமும் சரி, நாட்டின் மற்ற நிலையங்களும் சரி, மின்பிறப்பாக்கிகள் 50 ஹேர்ட்ஸில்தான் தருகின்றன. முன்னால் இருந்தது திரையின் மீடிறன். மின் மீடிறன், திரை மீடிறன் என்று இரண்டு பெயர் சொன்னதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரே அலகு இரண்டு இடத்தில் வரும்போது, எதனுடையது என்று சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும்.

இனி, தங்கையின் கேள்வி. அந்த 65 எதுக்கு?

60 ஹேர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன் காட்டுகிறது. 100 ஹேர்ட்ஸ் என்றால் 10. 144 என்றால் 6.9, 165 என்றால் 6.1. 240க்குப் போனால் 4.2. எண் ஏற ஏற, கிடைக்கும் லாபம் சுருங்கிக்கொண்டே போகிறது என்பதைப் பாருங்கள். 60இலிருந்து 144க்குப் போனால் கிட்டத்தட்ட 10 மில்லிசெக்கன் மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் 3 கூட இல்லை. கையில் காசு அளவாக இருப்பவர் 144, 165 என்ற இடத்தில் நின்றுவிடலாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். சண்டை விளையாட்டே வேண்டாம், கார் ஓட்டுவது, கதை விளையாட்டுத்தான் என்றால் 100 தாராளம். பதினெட்டாயிரத்தை மிச்சம் பிடிக்கலாம்.

அதோடு, திரை எத்தனை தடவை காட்டினாலும் கணினி அத்தனை படங்களைச் செய்து கொடுக்க வேண்டுமே. இங்கேதான் இரண்டு சொல் கட்டாயம் வேண்டும். கணினி செக்கனுக்கு எத்தனை படச்சட்டகம் ஆக்குகிறது என்பது சட்டக வீதம். திரை எத்தனை தடவை வரைகிறது என்பது திரை மீடிறன். பட்டியலில் இரண்டுக்கும் 'வீதம்' என்றே முடிவதால் நானே இரண்டு தடவை மாறி வாசித்துவிட்டேன். மருமகனின் கணினியில் இருப்பது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650, படங்களை ஆக்கும் வரைகலைக் கார்டு. வாலரண்ட் போன்ற இலேசான விளையாட்டில் 140, 150 சட்டகம் கொடுக்கிறது. கனமான விளையாட்டில் 50க்கு இறங்கிவிடுகிறது. இதே கார்டுக்கு 27 அங்குல, 2560க்கு 1440 திரை வாங்கியிருந்தால், 1920க்கு 1080 இருப்பதைப் போல் 1.78 மடங்கு படப்புள்ளிகளை (பிக்சல்களை) அது ஒவ்வொரு தடவையும் நிரப்ப வேண்டும். மூச்சுத் திணறும். அதனால் 24 அங்குலம், 1080 என்று முடிவு செய்தோம்.

இரண்டு எண்ணும் ஒத்துவராதபோது, திரை பாதி வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் அடுத்த சட்டகம் வந்து, மேல்பாதி ஒன்றாகவும் கீழ்ப்பாதி ஒன்றாகவும் தெரியும். பட்டியலில் இதற்குத் 'திரைக்கிழிவு' என்று இருக்கிறது, நல்ல சொல். இதைத் தீர்க்கத் திரையே கணினியின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014இல், கணினியையும் திரையையும் இணைக்கும் டிஸ்பிளேபோர்ட் தரத்தில் இதைச் சேர்த்தது. வரைகலைக் கார்டு செய்யும் ஏஎம்டி நிறுவனம் இதை ஃப்ரீசிங்க் என்ற பெயரில் விற்கிறது. 2019இலிருந்து என்விடியா கார்டுகளும் இந்தத் திரைகளோடு சேர்ந்து இயங்குகின்றன. குறைந்த விலைத் திரை வாங்குபவர் தவறவிடக் கூடாத வசதி இது. ஏனென்றால் சட்டக வீதம் தள்ளாடுவது வசதி குறைந்த கார்டுகளில்தான். இதற்கு ஒருவர் 'தகவமை ஒத்திசைப்பு நுட்பம்' என்று எழுதியிருந்தார். திரை மீடிறன் என்று அடிச்சொல்லை வைத்துக்கொண்டால், இது வெறும் 'மாறும் மீடிறன்'. கடைக்காரரிடம் கேட்கலாம்: மீடிறன் மாறுமா, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை மாறும்? ஒரு சொல் இப்படிக் கிளைவிட வேண்டும். புதுப்பிப்பு வீதத்திலிருந்து இதை எடுக்கப் பார்த்தேன், 'மாறும் புதுப்பிப்பு வீதம்' என்று வந்தது. வங்கி வட்டி போல ஒலிக்கிறது.

அடுத்தது, பெட்டியில் எல்லோரும் போடும் '1 மில்லிசெக்கன்'. இதில் நாங்கள் ஏமாறப் பார்த்தோம். ஒரு படப்புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பல் நிறத்துக்கு மாற எடுக்கும் நேரம் ஒன்று. பின்னொளியை அணைத்து அணைத்து ஏற்றி, படம் கண்ணில் தங்கும் நேரத்தைக் குறைத்து அளப்பது இன்னொன்று. இரண்டையும் '1' என்றே எழுதுகிறார்கள். இரண்டாவது முறையைப் போட்டால் திரை மங்கும். பல திரைகளில் மாறும் மீடிறனோடு சேர்த்து அதைப் போடவும் முடியாது. ஒரு கடையில் இரண்டாவதைக் காட்டி முதலாவது என்று விற்கப் பார்த்தார்கள். முதலாவதற்கு நான் 'துலங்கல் நேரம்' என்று சொல்கிறேன். தூண்டல், துலங்கல் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் பிள்ளைகள் படிக்கும் அதே சொல். துலங்குதல் என்றால் ஒளிர்தலும் ஆகும் என்பதால் படப்புள்ளிக்கு இரண்டு வகையிலும் பொருந்துகிறது. இரண்டாவதைப் 'படம் தங்கும் நேரம்' என்றே சொல்லலாம். பெயர் வேறானால் கடையில் கேள்வியும் வேறாகும்.

திரைக்குள் படம் காட்டும் பலகையின் வகைகளான ஐபிஎஸ், விஏ, டிஎன் என்பவற்றை அப்படியே எழுதலாம், தமிழ்ப்படுத்தி ஆகப் போவது ஒன்றுமில்லை. லயக் காம்பராவில் ஒரே ஜன்னல். மாலை நாலு மணிக்கே பனி மூடி இருட்டிவிடும். அந்த இருட்டுக்கு, மூவாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் கறுப்பைக் கறுப்பாகக் காட்டும் விஏ பொருத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் விலை குறைந்த விஏ திரைகளில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வரும் துலங்கல் மிகவும் பிந்துகிறது. இருட்டான காட்சியில் ஓடும் ஆளுக்குப் பின்னால் மை இழுபட்டது போல இருக்கும். ஐபிஎஸ்ஸையே எடுத்தோம்.

> மொனிட்டர் என்பதற்கே தமிழ் இல்லாதபோது இதெல்லாம் எதற்கு? 'கண்காணி' என்று வைப்போமே.

இதற்கு மட்டும் என் முழு எதிர்ப்பையும் பதிகிறேன். கங்காணி என்ற சொல் கண்காணியிலிருந்து வந்ததுதான். எங்கள் பாட்டன்மாரைக் கடல் கடந்து கூட்டிவந்து, கடனில் கட்டி, மலையில் பின்னால் நின்று விரட்டிய ஆளின் பெயர் அது. அந்தச் சொல்லை என் தங்கை வீட்டு மேசையில் வைக்க என்னால் முடியாது. திரை என்று சொன்னாலே போதும். கணினித் திரை என்றால் இன்னும் தெளிவு.

வாங்கிய பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். மூன்று வாரம் அவன் அந்தத் திரையை 60இல் ஓட்டியிருக்கிறான். விண்டோஸில் திரை அமைப்புக்குள் போய், மேம்பட்ட பகுதியில் எண்ணை நாமே மாற்ற வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. மாற்றப் போனால் 144க்கு மேல் காட்டவில்லை. அவன் வாங்கிய திரை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக 144 வரைதான் வாங்கும். டிஸ்பிளேபோர்ட் கேபிள் போட்டதும் 165 வந்தது. அந்தக் கேபிளுக்குத் தனியாக ஹட்டனுக்கு ஒரு பஸ் பயணம். பெட்டியைக் கடையிலேயே திறந்து, உள்ளே எந்தக் கேபிள் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

பட்டியலில் இன்னும் ஒரு இடம் வெறுமையாக இருக்கிறது: 'கோஸ்டிங்', ஓடும் உருவத்துக்குப் பின்னால் தெரியும் அந்த இழுபட்ட மங்கல். பேய் என்று வைக்க யாரும் விரும்பவில்லை, எனக்கும் விருப்பமில்லை. மருமகன் அதை 'வால்' என்கிறான். "இந்தத் திரையில வால் கம்மி மாமா" என்றான் முதல் நாளே. நிழல்வால் என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும்போது அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.