வெள்ளத்துக்கு ஜிபிஎஸ் உள்ள பள்ளி பஸ்களை எடுத்தால் என்ன?

வேளச்சேரிவாசி: 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவில் இடுப்பளவு தண்ணீர். படகுக்காரர்கள் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து முகாமுக்குப் போக வண்டி இல்லை. மழை விடுமுறையில் பள்ளி பஸ்கள் ஷெட்டில் சும்மா நின்றன. எங்கே வருகிறது என்று பெற்றோர் தினமும் ஆப்பில் பார்க்கும் அதே பஸ்கள்தான். கலெக்டர் அலுவலகமும் அதைப் பார்த்து, பக்கத்தில் இருப்பதை அனுப்பக் கூடாதா?

கிளட்ச்_மாமா: பள்ளி பஸ் ஓட்டியவன் சொல்கிறேன் தம்பி. ஜிபிஎஸ் பஸ் எங்கே என்று காட்டும், டிரைவர் எங்கே என்று காட்டாது. அவன் வீட்டிலும் தண்ணீர்தானே? 2005 கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸில் நூற்றுக்கணக்கான மஞ்சள் பஸ்கள் நிறுத்திய இடத்திலேயே மூழ்கின. பஸ் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாமலா? ஓட்ட ஆள் இல்லை.

வேளச்சேரிவாசி: அது என் கட்சிக்குத்தான் பலம் அண்ணே. புயல் வருவது முன்கூட்டியே தெரிகிறது, டிரைவர் பட்டியலை அப்போதே எடுக்கலாம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 65 வண்டியை எடுக்க அதிகாரம் தருகிறது. 66 அதற்கு இழப்பீடும் தருகிறது. தேர்தலுக்குக் கேட்டால் மட்டும் டிரைவர் வருகிறாரே!

கிளட்ச்_மாமா: தேர்தலன்று ரோடு கண்ணுக்குத் தெரியும்.

ரெண்டு_பிள்ளை_அம்மா: காலி பஸ்ஸை விடுங்கள். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது மாட்டினால்? 2014 ஜனவரி 28, அட்லாண்டா. மூன்று அங்குலம்கூட இல்லாத பனி. ஊரே ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியதில் ரோடு அடைத்து, சில பிள்ளைகள் ராத்திரி முழுக்க பஸ்ஸிலேயே இருந்தார்கள். அப்போது எந்த பஸ் எங்கே என்று தெரிவது பெரிய விஷயம். ஆனால் இந்த ஜிபிஎஸ் கருவியும் சிம் கார்டை நம்பித்தான் இருக்கிறது. டவர் போனால் இடத்தைச் சேமித்து வைத்து, பிறகுதான் அனுப்பும். போன மழையில் எங்கள் ஆப் பஸ்ஸை விஜயநகரிலேயே காட்டியது. நான் பதறி போன் போட்டுக்கொண்டிருக்கிறேன், பையன் வாசலில் ஷூவைக் கழற்றுகிறான். புள்ளி நகரவில்லை என்றால் பஸ் நிற்கிறதா, சிக்னல் நிற்கிறதா?

வேளச்சேரிவாசி: சரி, அது நியாயம். அப்போ டிரைவர் நம்பரும் வயர்லெஸ்ஸும் சேர்ந்தே வேண்டும். ஆனாலும் மழைக்கு முந்தின நாளே பஸ்களைப் பல இடங்களில் பிரித்து நிறுத்தலாம், அப்போது டவர் இருக்கும்.

கிளட்ச்_மாமா: இதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் முதலில் எங்கள் பழைய ஷெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அது ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது.