புதுப்பிப்பு: நள்ளிரவில் அப்ரூவல் கேட்ட அந்தக் கணக்கு

எங்கள் கம்பெனி கணக்குப் பிரிவில் ஒருவருக்கு நள்ளிரவில் போனில் 'லாகின் செய்வது நீங்கள்தானா?' என்று அப்ரூவல் கேட்டு வந்துகொண்டே இருந்ததையும், தூக்கக் கலக்கத்தில் அவர் ஒருமுறை 'சரி' அழுத்தி, அவர் பாஸ்வேர்டை வைத்திருந்த எவனோ உள்ளே வர வழிவிட்டதையும் முன்பு எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு இது.

பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே வந்தவனின் செஷன், அதாவது ஏற்கெனவே திறந்த லாகின், உயிரோடு இருக்கும், அதனால் எல்லா செஷனையும் துண்டித்தோம். பிறகு பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே லாகை (யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற பதிவை) வரிவரியாகப் பார்த்தபோது, அவர் மெயிலில் புதிதாக ஒரு ரூல். பெயர் வெறும் ஒரு புள்ளி. 'இன்வாய்ஸ்' என்று வரும் மெயிலையெல்லாம் யாரும் திறக்காத ஆர்.எஸ்.எஸ். (இணையதளச் செய்தி ஓடை) ஃபோல்டருக்குத் தள்ளுகிற ரூல் அது, இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பிப் பணத்தைத் திருடப் பார்ப்பவர்கள் செய்கிற வேலை. நல்லவேளை, பணம் போகவில்லை.

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிட்டோம். 180 நாள் லாக் வைக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான், அதைச் செலவு என்று நினைப்பவர்கள் தயவுசெய்து யோசியுங்கள்.

'சரி' அழுத்தியவர் அம்பாசமுத்திரத்துக்காரர். "அண்ணாச்சி, வேலை போயிருமா?" என்றார். விடிந்ததும் தானாக வந்து சொன்னவரை எப்படி அனுப்புவது? மேனேஜருக்கு அதை எழுதியே கொடுத்துவிட்டேன். இனி திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடித்தால்தான் லாகின் ஆகும், விற்பனைப் பிரிவுக்கு மட்டும் இன்னும் பாக்கி.